ஆழ்துளைக் கிணற்றுச் செம்புக் கேபிள் திருட்டைத் தடுக்க என்ன செய்யலாம்?

தோப்புக்காரர், தாராபுரம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். தாராபுரத்துக்கு மேற்கே தென்னையும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிட்டு வாழும் குடும்பம் எங்களுடையது. அண்மைக் காலமாக எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும், ஆழ்துளைக் கிணற்றின் வாயிலிருந்து மோட்டார் அறையில் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டி வரை செல்லும் செம்புக் கேபிளை இரவில் அறுத்துக்கொண்டு போவது தொடர்ந்து நடக்கிறது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். முதலில் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, கிணற்று வாயில் ஒரு வெட்டும் அறைக்குள் ஒரு வெட்டுமாக அறுத்து, இடையில் உள்ளதைச் சுருட்டி எடுத்துக்கொள்கிறார்கள். மேலுறையை எரித்துச் செம்பை மட்டும் பிரித்தெடுத்த கரித்தடம் மறுநாள் ஏதாவது ஓர் ஓடைக்கரையில் கிடைக்கிறது.

திருடுகிறவருக்கு இதில் கிடைப்பது மிகச் சொற்பம். 4 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று கோர் (உள்கம்பி) கேபிளில் ஒரு மீட்டருக்குச் சுமார் 107 கிராம் செம்பு இருக்கிறது. 30 மீட்டர் அறுத்தால் மூன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். எரித்த கம்பியாக எடைக்குப் போட்டால் சில ஆயிரம் ரூபாய் அவர் கைக்கு வரலாம். எங்களுக்கோ புதுக் கேபிளின் விலை, மெக்கானிக் கூலி, கிணற்று வாயை ஒட்டி அறுத்திருந்தால் குழாய்களை மேலே தூக்கி மீண்டும் இறக்கும் செலவு என்று பல மடங்கு போகிறது. ஆள் கிடைத்துப் பொருள் வந்து சேர்வதற்குள் நாட்கள் ஓடிவிடுகின்றன. தென்னை சில நாட்கள் தாங்கும். கதிர் பிடிக்கும் பருவத்தில் இருக்கும் மக்காச்சோளமும் வெங்காயமும் தாங்குவதில்லை.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கிறது. அதற்கு மேல் நகர்வதில்லை. கேமரா வைத்த தோட்டங்களிலும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இளைஞர்கள் முறைவைத்து இரவுக் காவல் இருந்து பார்த்தார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்களால் அதை நெடுநாள் தொடர முடியவில்லை. இப்போது ஊரில் சிலர், அறையின் கதவில் மின்சாரத்தைப் பாய்ச்சி வைப்போம் என்றும், பிடிபடுகிறவரை மரத்தில் கட்டி வைத்து அடிப்போம் என்றும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு அச்சமூட்டுகிறது. அப்படி ஒன்று நடப்பதற்கு முன்னால் உருப்படியான வழி ஒன்றைக் கண்டுபிடித்து ஊர்க்கூட்டத்தில் வைக்க விரும்புகிறேன்.

கேபிளை எப்படிப் போட்டால் அறுக்க முடியாது அல்லது அறுத்தும் பயனிராது என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். சட்டப்படி எங்கே, எப்படிப் புகார் கொடுத்தால் நடவடிக்கை வரும் என்பதையும் அறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் செம்பை யாரோ ஒருவர் எடை போட்டு வாங்குகிறார் அல்லவா, அந்த இடத்தில் தடுப்பு ஏற்படுத்த முடியுமா?

---

மோட்டார் மெக்கானிக், பல்லடம்

ஐயா, கிணற்றுக்குள் இறங்கும் கேபிளைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அது குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டு நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருப்பதால், ஆள்பலமும் கப்பியும் இல்லாமல் வெளியே எடுக்க முடியாது. திருடு போவது தரைக்கு மேல் இருக்கும் துண்டுதான். அந்தத் துண்டு செம்பாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மோட்டார் கம்பெனி கொடுக்கும் தட்டைக் கேபிளையே நீட்டி அறை வரைக்கும் கொண்டுபோவது நம் பக்கத்தில் பழகிப்போன வழக்கம். பிரச்சினையின் வேர் அங்கே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

கிணற்று வாயிலிருந்து அறை வரை, இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய அலுமினிய ஆர்மர்டு கேபிளைப் புதைத்துக் கொண்டுபோங்கள். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 விழுக்காடு. ஆகவே 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்குப் பதிலாக 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் போட்டால் மோட்டாருக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தத்தில் குறை வராது. இந்தக் கேபிளில் ஒரு மீட்டருக்கு 81 கிராம் அலுமினியம் இருக்கும். பழைய அலுமினியத்தின் விலை செம்பின் விலையில் ஏறக்குறைய கால் பங்கு என்று வைத்துக்கொண்டால், அதே 30 மீட்டரை அறுக்கிறவருக்குக் கிடைப்பது முன்பு கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும். அதற்காக இரண்டரை அடி ஆழம் தோண்டி, இரும்புக் கம்பிக் கவசத்தை ரம்பத்தால் அறுத்து, ஓர் இரவு முழுவதும் பாடுபட யாருக்கும் மனம் வராது. பத்துக் குதிரைத் திறனும் அதற்கு மேலும் உள்ள மோட்டார்களில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்காக இரண்டு கேபிள்கள் போகும். அந்தத் தோட்டங்களில் இழப்பு இரட்டிப்பாக இருப்பதால், முதலில் அங்கேயே மாற்றுவது நல்லது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் செம்பும் அலுமினியமும் சேரும் இணைப்பு. இரண்டையும் நேரடியாக முறுக்கி டேப் சுற்றிவிட்டால், ஈரம் பட்டவுடன் அலுமினியம் அரிக்கத் தொடங்கும், இணைப்பு சூடாகும், மும்முனையில் ஒரு பேஸ் விட்டுப்போய் மோட்டார் காயிலே எரிந்துபோகும். கேபிளை மிச்சப்படுத்தப் போய் மோட்டாரை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமாக வரும் பைமெட்டல் லக்குகளையே (இணைப்பு முனைகளையே) பயன்படுத்தி, உரிய கருவியால் அழுத்தி, நீர் புகாத பெட்டிக்குள் இணைப்பை வையுங்கள். அந்தப் பெட்டியைக் கிணற்று வாயை ஒட்டி ஒரு சிறு சிமெண்ட் தொட்டி கட்டி, அதற்குள் வைத்து, மேலே பலகைக்கல் போட்டு மூடிவிடலாம். தொட்டிக்குள் கிணற்றுக் கேபிளை இரண்டு மூன்று மீட்டர் சுருட்டி விட்டுவைத்தால், எப்போதாவது யாராவது வெட்டினாலும் குழாயைத் தூக்காமல் மீண்டும் இணைத்துக்கொள்ள முடியும். கிணற்றின் மேல்மூடியைச் சுற்றி இரும்புக் கூடு பற்றவைத்துப் பூட்டுவது கூடுதல் பாதுகாப்பு.

இப்போதே செம்புக் கேபிளை மாற்ற வசதியில்லாதவர்கள் அதையே கெட்டியான குழாய்க்குள் விட்டுப் புதைக்கலாம். குழாயை நேராக விடாமல் இரண்டு இடங்களில் வளைத்து, வளைவுகளில் சிறிது கான்கிரீட் போட்டுவிட்டால், ஒரு முனையை வெட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்து இழுக்கும் வேலை நடக்காது.

எச்சரிக்கை மணி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கைபேசியால் மோட்டாரை இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறவர்கள் அதுவே தகவல் தந்துவிடும் என்று நம்புகிறார்கள். மின்சாரம் நின்றால் அது ஒரு செய்தி அனுப்பும், உண்மைதான். ஆனால் நம் ஊரில் மின்சாரம் நிற்பது அன்றாட நிகழ்ச்சி என்பதால், அந்தச் செய்தியை யாரும் இரவில் எழுந்து பார்ப்பதில்லை. அதைவிட, கேபிளோடு சேர்த்து ஒரு மெல்லிய இரட்டைக் கம்பியை ஓட்டி, கிணற்றுப் பக்கம் இரண்டையும் இணைத்து, அறைப் பக்கம் பேட்டரியில் இயங்கும் சிம் கார்டு அலாரத்தோடு பொருத்துங்கள். கம்பி அறுந்த நொடியில் உங்கள் கைபேசிக்கு அழைப்பு வரும். மின்வாரிய மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். மின்தடைக்கும் கேபிள் அறுபடுவதற்கும் வேறுபாடு தெரிவது இதில்தான்.

---

வழக்கறிஞர், ஈரோடு

முதலில், கதவில் மின்சாரம் பாய்ச்சும் பேச்சை ஊர்க்கூட்டத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதில் சிக்கி ஒருவர் இறந்தால், அவர் திருட வந்தவராகவே இருந்தாலும், தோட்டத்துக்காரர் மீது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக வழக்கு வரக்கூடும். அதிகாலையில் தண்ணீர் திறந்துவிடப் போகும் உங்கள் வீட்டுப் பெண்ணோ, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையோ அந்தக் கதவைத் தொட மாட்டார்கள் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? பிடிபட்டவரை அடிப்பதும் குற்றமே. கண்ணெதிரே, பிணையில் விட முடியாததும் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடியதுமான ஒரு குற்றத்தைச் செய்கிறவரைப் பொதுமக்களே பிடித்து வைக்க, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், அவரைக் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

மனு ரசீதோடு புகார் நின்றுபோவதற்கு ஒரு காரணம் பலருக்கும் தெரியாமல் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களின்படி, திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், அந்தத் திருட்டு காவல்துறை தானாக விசாரிக்க இயலாத குற்றங்களின் வரிசையில் வருகிறது. நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) உத்தரவு இருந்தால்தான் புலனாய்வு தொடங்கும். முதன்முறை தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமுதாயச் சேவையோடு விடுபடுவார். பசிக்காக எதையோ எடுத்துவிட்ட ஏழைக்கு இந்தச் சலுகை நியாயமானது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் கேபிள் திருட்டில், மூன்று கிலோ பழைய செம்பு என்று புகாரில் எழுதினால், உங்கள் வழக்கை நீங்களே இந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடுகிறீர்கள். போனது பழைய செம்பு இல்லை. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் கேபிள். அதன் நீளம், அளவு, வாங்கிய ரசீது, அதே கேபிளை இன்று கடையில் வாங்கினால் ஆகும் விலை ஆகியவற்றைப் புகாரில் எழுதுங்கள்.

இதைவிட வலுவான வழி ஒன்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 136-ஆம் பிரிவு, மின்கம்பியையோ மின்பொருளையோ உரிமதாரரின் (மின்வாரியம் போன்ற உரிமம் பெற்ற அமைப்பின்) அல்லது உரிமையாளரின் சம்மதமின்றி நேர்மையற்ற முறையில் அறுப்பதையும் எடுத்துச் செல்வதையும் தனிக் குற்றமாக்குகிறது. இந்தப் பிரிவு மின்வாரியத்தின் கம்பிகளுக்கு மட்டுமே உரியது என்று பரவலாக எண்ணப்படுகிறது. உரிமையாளர் என்ற சொல் அதில் தெளிவாக இருப்பதால், விவசாயியின் சொந்தக் கேபிளுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மறுமுறை செய்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை. திருடப்பட்ட மின்கம்பியைத் தெரிந்தே வாங்குகிறவரை 137-ஆம் பிரிவு பிடிக்கிறது. 151பி பிரிவின்படி இவை காவல்துறை நேரடியாக விசாரிக்கக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றங்கள். இங்கே 5,000 ரூபாய்க் கோடு கிடையாது. எனவே புகாரில் இந்தப் பிரிவுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுப் பதிவுசெய்யக் கோருங்கள். நிலைய அதிகாரி மறுத்தால், மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

வாங்குகிறவர் பக்கம் வருவோம். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரையும், அதையே வழக்கமான தொழிலாகச் செய்தால் பத்தாண்டு அல்லது ஆயுள் வரையும் தண்டனை உண்டு. தண்டனை இவ்வளவு கடுமையாக இருந்தும் வழக்குகள் தேறாமல் போவதற்குக் காரணம், கடையில் இருக்கும் செம்பு இந்தத் தோட்டத்திலிருந்து வந்ததுதான் என்பதை மெய்ப்பிக்க முடியாமல் போவதே. ரயில்வே இதை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டத்தின்படி, ரயில்வேயின் பொருள் என்று ஐயுறத்தக்க ஒன்று ஒருவரிடம் இருந்தால், அது தமக்கு முறையாகத்தான் வந்தது என்று அவரே மெய்ப்பிக்க வேண்டும். விவசாயியின் கேபிளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆகவே உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். கேபிளின் மேலுறையில் கம்பெனிப் பெயரும் பெரும்பாலும் மீட்டர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். பொருத்தும் நாளிலேயே இரண்டு முனைகளின் எண்களையும் படம் எடுத்து வையுங்கள். திருட்டு நடந்தபின் எஞ்சிய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். எரிப்பதற்கு முன் கேபிள் பிடிபட்டால் அந்தத் துண்டு உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

தமிழ்நாட்டில் பழைய பொருள் வணிகர்களை ஒழுங்குபடுத்தி உரிமம் வழங்குவதற்கென்றே 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் வட்டத்தில் அதன்படி உரிமம் பெற்ற கடைகள் எவை, கடந்த ஆண்டுகளில் எத்தனை ஆய்வுகள் நடந்தன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அப்படி ஒரு கேள்வி போவதே கவனத்தைத் திருப்பும்.

---

பழைய இரும்புக் கடை நடத்துபவர், கோவை

எங்கள் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். காயலான் கடை என்றாலே திருட்டுப் பொருள் வாங்கும் இடம் என்று பேசுவது எங்களை மிகவும் வருத்துகிறது. கோவையின் வார்ப்பாலைகள் பலவற்றுக்கு மூலப்பொருள் போவது எங்களைப் போன்றவர்கள் வழியாகத்தான். ஆனாலும் தோப்புக்கார ஐயா கேட்டதில் உள்ள நியாயத்தை மறைக்க மாட்டேன். வாங்குகிற தராசு ஒன்று இல்லாவிட்டால் எந்தத் திருடரும் கேபிளை அறுக்க மாட்டார். எங்களில் சிலர் கேள்வி கேட்காமல் வாங்குகிறார்கள். அவர்களால் முறையாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் இழப்பு உண்டாகிறது. திருட்டுச் செம்பை மலிவாக வாங்கும் கடைக்காரரோடு விலையில் நாங்கள் போட்டியிட முடியாது.

எங்களுக்குத் தெரியாது என்று சொல்வது பல வேளைகளில் உண்மை இல்லை. எரிந்த செம்பு கடைக்கு வருவதற்கு நேர்மையான காரணமும் உண்டு. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் பழைய காயிலை எரித்துத்தான் கம்பியைப் பிரிப்பார்கள். ஆனால் காயில் கம்பி ஒற்றைக் கம்பியாக, வளையம் வளையமாகச் சுற்றிய வடிவம் மாறாமல் வரும். கேபிளின் செம்போ நூல் போன்ற இழைகளின் கற்றை. 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஒரு கோருக்கு 0.3 மில்லிமீட்டர் இழைகள் 56 இருக்கும். எரித்தபின் கறுத்துப்போனாலும் அந்தக் கற்றை மாறாது. தராசில் வைக்கும்போதே எது எது என்று எங்கள் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். எனவே, எரித்த இழைக் கற்றையை முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதில்லை என்று கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தாலே, இந்தத் திருட்டின் பெரும்பகுதி நின்றுவிடும். உறையோடு இருக்கும் கேபிளை வாங்கலாம். அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும்.

ஒரு கடை மறுத்தால் அடுத்த கடைக்குப் போவார்கள் என்பதுதான் தனியாக முயல்கிறவரின் சங்கடம். அதனால் வட்ட அளவிலாவது கடைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். செம்பு எங்கள் கடையில் நெடுநேரம் தங்குவதில்லை. காலையில் வாங்கியது மாலையில் மொத்த வியாபாரியிடம் போய்விடும், அங்கிருந்து உருக்கும் இடத்துக்கு. 1,085 டிகிரியில் உருகியபின் அது யாருடைய செம்பு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

வரி விதிகளும் இப்போது உதவக்கூடிய நிலையில் இருக்கின்றன. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு பெறாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வணிகரே ஜிஎஸ்டியைச் செலுத்த வேண்டும். அதற்கான பில்லையும் அவரே போட வேண்டும். அந்தப் பில்லில் விற்றவரின் பெயரையும் ஊரையும் கைபேசி எண்ணையும் உண்மையாக எழுதினால், போலீஸ் கேட்கும் பதிவேட்டில் பாதி அங்கேயே வந்துவிடும். பதிவே இல்லாத சிறு கடைகள்தான் இந்த வலையிலிருந்து நழுவுகின்றன.

ஒரு வேண்டுகோள். சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் தெருத்தெருவாகப் போய் இரும்பும் தகரமும் சேர்க்கிறவர்கள், குப்பையில் பொறுக்கி வாழ்கிறவர்கள் எங்களை நம்பித்தான் அன்றாடம் அடுப்பு மூட்டுகிறார்கள். எந்தக் கட்டுப்பாடு வந்தாலும் அது செம்பையும் பித்தளையையும் குறித்ததாக இருக்கட்டும். பத்துக் கிலோ தகரத்துக்கு ஆதார் அட்டை கேட்டு அந்த மக்களை விரட்ட வேண்டாம்.

---

லெஸ்டர் வாசி

நான் இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். 2011, 2012-ஆம் ஆண்டுகளில் இங்கே ரயில் பாதையின் செம்புக் கம்பிகளும் தேவாலயக் கூரைகளின் ஈயத் தகடுகளும் கடுமையாகத் திருடு போயின. அப்போது அரசு கையில் எடுத்த முதன்மையான கருவி, ரொக்கத்தைத் தடை செய்வது. 2012 டிசம்பர் 3 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்துக்கு ரொக்கப் பணம் கொடுப்பது குற்றமாயிற்று. காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோதான் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த சட்டம் உள்ளாட்சி மன்றத்தின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. விற்க வருகிறவரின் பெயரையும் முகவரியையும் சான்று பார்த்து உறுதிசெய்து, பதிவேட்டை மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. இதற்கு முன்னோட்டமாக, 2012 ஜனவரியில் வடகிழக்கு இங்கிலாந்தில், கடைக்காரர்கள் தாமாக முன்வந்து அடையாளச் சான்று கேட்கும் திட்டம் ஒன்றைக் காவல்துறை நடத்திப் பார்த்தது. கோவைக் கடைக்காரர் சொல்வதற்கு அது மிக நெருக்கமானது.

அதன்பின் திருட்டு பெருமளவு குறைந்தது. ஆனால் முழுப் பெருமையையும் சட்டத்துக்கே கொடுக்க எனக்குத் தயக்கம் உண்டு. அதே ஆண்டுகளில் உலகச் சந்தையில் செம்பின் விலையும் இறங்கியது. 2024 மே மாதத்தில் அது ஒரு டன் 10,000 டாலருக்கு மேல் போனது என்பதை நினைத்தால், உங்கள் ஊரில் இப்போது திருட்டு கூடியிருப்பதில் வியப்பில்லை. இன்னொன்று, ஸ்காட்லாந்தில் ரொக்கத் தடை 2016 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி என்ற நிலை இடையில் சில ஆண்டுகள் இருந்தது. தாராபுரத்தில் மட்டும் கட்டுப்பாடு வந்து, பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லின் ஒட்டன்சத்திரத்தில் வராவிட்டால் அதே ஓட்டைதான்.

இந்தியாவில் பெட்டிக்கடையிலும் யுபிஐ அட்டை தொங்குகிறது. செம்புக்கு மட்டும் கைபேசி வழியாகத்தான் பணம் என்று வைத்தால், இங்கே காசோலையால் செய்ததை அங்கே இன்னும் எளிதாகச் செய்யலாம். கணக்கு எண் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறவர் அந்தக் கடைக்கு வரமாட்டார்.

---

தோப்புக்காரர், தாராபுரம் வட்டம்

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மெக்கானிக் ஐயா சொன்ன அலுமினியக் கேபிளையும் சிமெண்ட் தொட்டியையும் எங்கள் தோட்டத்தில் செய்துவிட முடிவெடுத்திருக்கிறேன். செலவைக் கணக்கிட்டதில், இரண்டாம் முறை செம்புக் கேபிள் வாங்குவதைவிடக் குறைவாகவே வருகிறது. மின்சாரச் சட்டத்தின் 136, 137 பிரிவுகளைக் குறிப்பிட்டு, கேபிளை இழந்த எல்லோருடைய மனுக்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கப் போகிறோம். தனித்தனியாகக் கொடுத்ததால்தான் ஒவ்வொன்றும் சிறிய திருட்டாகத் தெரிந்திருக்கிறது.

கடைக்கார ஐயாவிடம் ஒரு கேள்வி. தாராபுரம், மூலனூர், காங்கயம் பக்கத்துக் கடைக்காரர்களையும் விவசாயிகளையும் ஒரே வாட்ஸாப் குழுவில் சேர்த்து, திருட்டு நடந்தவுடன் தகவல் போட்டால் அவர்கள் அதைப் பார்த்து நடப்பார்களா? அல்லது தங்களைச் சந்தேகப்படுவதாகக் கோபித்துக்கொள்வார்களா?

---

பழைய இரும்புக் கடை நடத்துபவர், கோவை

கேட்கும் விதத்தில் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போலீஸை அழைத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன்னால், ஊர்ப் பெரியவர்கள் இருவர் நேரில் போய்ப் பேசுங்கள். குழுவில் எந்தக் கடையின் பெயரையும் யாரும் குற்றம் சாட்டி எழுதக் கூடாது என்ற விதியை முதலிலேயே வைத்துவிடுங்கள். ஒருமுறை அப்படி நடந்தால் கடைக்காரர்கள் அத்தனை பேரும் வெளியேறிவிடுவார்கள்.

தகவலைக் காலை எட்டு மணிக்குள் போட்டுவிட வேண்டும். நாங்கள் கடை திறந்து முதல் எடை போடுவதற்குள் அது கண்ணில் பட வேண்டும். மாலையில் போட்டால் சரக்கு கைமாறியிருக்கும். கேபிளின் அளவு, எத்தனை கோர், அறுபட்ட நீளம், மேலுறையின் நிறம் ஆகியவற்றோடு எஞ்சிய துண்டை வெட்டுமுகம் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். நீளம் தெரிந்தால் எத்தனை கிலோ வரும் என்று நாங்கள் கணக்கிட்டுக்கொள்வோம். அந்த எடையை ஒட்டி ஒருவர் எரித்த இழையோடு வந்து நின்றால் விலை பேசிக்கொண்டே நிலையத்துக்குச் சொல்லிவிடலாம். மூலனூரில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் இருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் பேசுகிறேன். குழுவைத் தொடங்கியதும் இங்கே தெரிவியுங்கள்.